மண்வெட்டிக் காம்புக்குச் சுற்று வேண்டுமா? வெறும் கட்டை போதுமா?

வேதாரண்யம் உப்பளத்திலும் ஊட்டி பந்தாட்ட மேசையிலும் ஒரே கேள்வி!

கடைக்குப் போய்ப் புது மண்வெட்டி வாங்குகிறோம். தகட்டைத் தட்டிப் பார்க்கிறோம். விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறோம். விலை பேசுகிறோம்.

காம்பை யார் பார்க்கிறார்கள்?

நாள் முழுவதும் கை படுவது தகட்டில் அல்ல, காம்பில்தான். தகடு மண்ணை வெட்டுகிறது. காம்பு சரியில்லாவிட்டால் அது கையை வெட்டுகிறது!

கையில் கொப்புளம் வந்தால் மறுநாள் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. எனவே ஒரு சாண் துணியும் ஒரு முழம் கயிறும் சம்பந்தப்பட்ட இந்தச் சின்னக் கேள்வி, ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிற கேள்வி ஆகிவிடுகிறது.

காம்பின் மேல் துணியோ, கயிறோ, ரப்பரோ சுற்ற வேண்டுமா? அல்லது வெறும் மரமாக விட்டுவிடுவது நல்லதா?

உப்பு விளையும் ஊர்

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வேதாரண்யத்தை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

முன்பு தஞ்சை ஜில்லாவில் இருந்தது இந்த ஊர். இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் பாயும் நெல் வயல்களின் கடைக்கோடி இது. ஒரு பக்கம் வயல். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. இன்னொரு பக்கம் உப்பளம். அதற்கு அப்பால் கடல்.

இந்த உப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். உள்ளூரில் அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30-ந் தேதி அகஸ்தியன்பள்ளியில் தொண்டர்கள் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார்.

அவர்கள் அள்ளியது ஒரு பிடி உப்பு. உப்பளத் தொழிலாளி அள்ளுவதோ நாள்தோறும் மலை மலையாக!

பாத்தியில் என்ன வேலை?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு சுமார் 27 கிராம். மற்றவை மெக்னீசியம் முதலிய வேறு உப்புகள்.

உப்புநீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிடுகிறார்கள். பத்துக் குடம் நீர் ஏறத்தாழ ஒரு குடமாகச் சுண்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வேலை ஆரம்பமாகும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விளைச்சல்.

முதலில் பாத்தியைச் சீர் செய்ய வேண்டும். மழையில் கரைந்த வரப்பை மண்வெட்டியால் வெட்டிக் கட்ட வேண்டும். சேற்றை அள்ள வேண்டும். தரையை மிதித்து இறுக்க வேண்டும். புயல் வந்து போனால் இந்த வேலை இரட்டிப்பாகும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது.

உப்பு பூத்ததும், நீண்ட கழியின் நுனியில் பலகை பொருத்திய வாருகோலால் அதை இழுத்து ஓரம் சேர்க்க வேண்டும். பிறகு கரையில் அம்பாரமாகக் குவித்து மூடி வைக்க வேண்டும்.

இந்த வேலைகளில் காலும் நனைகிறது, கையும் நனைகிறது. நனைவது நல்ல தண்ணீரில் அல்ல; கடலைவிடப் பல மடங்கு கரிக்கும் உப்புநீரில். கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். அந்த எரிச்சல் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பாவும் மகனும்

ஒரு வீட்டில் புது மண்வெட்டி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னடா தம்பி பண்றே?”

“காம்புல ரப்பர் சுத்தப் போறேம்ப்பா. வழுக்காது. கை நோவாது.”

“வேண்டாம்டா. கட்டை கட்டையாவே இருக்கட்டும். எங்க அப்பா காலத்துல யாரு ரப்பர் சுத்துனா?”

“அப்போ டியூப் ஏதுப்பா?”

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

“ஏங்க, அவன் கை வேற, உங்க கை வேற. அவன் கை வேர்க்கிற கை. உலக்கைக்குத் துணி சுத்துனா நெல்லுக் குத்த முடியுமா? கொதிக்கிற பானையைத் துணி இல்லாம இறக்க முடியுமா? எதுக்கு எதுன்னு இருக்கு!”

இது கற்பனைப் பேச்சுதான். ஆனால் அம்மா சொன்னதில் முழு விடையும் அடங்கியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

உள்ளங்கை செய்யும் வேலை

நம் உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் சுரக்கும் எண்ணெய்ப் பசை அங்கே சுரப்பதில்லை. ரேகைகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. பிடித்ததை நழுவவிடாமல் இருப்பதற்கு இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது.

மண் வெட்டத் தொடங்குமுன் சிலர் கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் பழக்கம் அல்ல. மிகவும் காய்ந்த கை வழுக்கும். சிறிது ஈரம் பட்டால் தோல் இளகி மரத்தோடு நன்றாக ஒட்டும். பிடி இறுகும்.

ஆனால் ஈரம் அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும்? தோலுக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும். மறுபடியும் வழுக்கும்!

மெருகு ஏற்றாத மரம் கொஞ்சம் வியர்வையை உறிஞ்சும். பருத்தித் துணியும் நூல்கயிறும் அதைவிட அதிகமாக உறிஞ்சும். ரப்பர் உறிஞ்சவே உறிஞ்சாது. பளபளவென்று வார்னிஷ் பூசிய காம்பும் உறிஞ்சாது. கடையில் பார்க்க அழகாக இருக்கும் காம்பு, வேலையில் கைவிட்டு நழுவுவது இதனால்தான்.

ஆகவே வியர்க்கும் கைக்கு நூல் சுற்று உதவும். காய்ந்த கைக்கு வெறும் மரமே போதும். இது முதல் கணக்கு.

கொப்புளம் எப்படி வருகிறது?

கொப்புளம் வெறும் தேய்ப்பால் மட்டும் வருவதில்லை. மேல்தோல் காம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் போகிறது. உள்ளே இருக்கும் எலும்பும் சதையும் வேறு பக்கம் போகின்றன. இரண்டுக்கும் நடுவே இழுபறி நடக்கிறது. திரும்பத் திரும்ப நடந்தால் தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காம்பு கையில் அதிகமாக ஒட்டினாலும் கொப்புளம் வரும்! ரப்பர் சுற்றியவுடன் கை தப்பித்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. கை ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால் ரப்பர் நல்லது. கை நகர்ந்துகொண்டே இருக்கும் வேலையில் அதே ரப்பர் தோலைப் பிடித்து இழுக்கும்.

பல நாள் வேலை செய்த கையில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறிவிடுகிறது. அது உழைப்பாளியின் இயற்கைக் கையுறை. அப்பாவுக்கு வெறுங்காம்பு பிடிக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் அவர் கையிலேயே இருக்கிறது. நேற்று வேலைக்கு வந்த பையனிடம் அந்தக் கையுறை இல்லை.

கை நகர்கிறதா, நிற்கிறதா?

இரண்டாவது கணக்குதான் மிக முக்கியமானது.

கோடாலியால் விறகு பிளப்பவரைக் கவனியுங்கள். ஓங்கும்போது ஒரு கை காம்பின் மேற்புறம் இருக்கிறது. இறக்கும்போது அந்தக் கை வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. அந்த இடத்தில் துணி சுற்றினால் கை தடுக்கும், குறி தவறும். கோடாலிக் காம்பு வெறுங்காம்பாகத்தான் இருக்க வேண்டும்.

உலக்கையும் அப்படியே. மேலே போகும்போது கை தளர்கிறது; கீழே வரும்போது பிடிக்கிறது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறுகிறது. உலக்கைக்கு அடியில் இரும்புப் பூண் உண்டு. நடுவில் சுற்று கிடையாது. மாவு இடித்த கைகள் தேய்த்துத் தேய்த்தே அந்த மரம் வழவழப்பாகிவிடுகிறது.

படகின் துடுப்பு கைக்குள் புரள வேண்டும். சிலம்பக் கழி விரல்களுக்கு நடுவே சுழல வேண்டும். உப்பளத்து வாருகோலில் கை முன்னும் பின்னும் போய் வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் வெறுமைதான் அழகு.

ஆனால் மண்வெட்டி வேறு. ஓங்கி வெட்டும்போது இரண்டு கையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன. தகடு மண்ணில் மோதும் அதிர்ச்சி நேராக உள்ளங்கைக்கு வருகிறது. இங்கே கீழ்க்கை பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு சாண் சுற்று இருந்தால் சிலருக்கு நன்மை உண்டு.

இரும்புக் கடப்பாரைக்குச் சுற்று நிச்சயம் தேவை. இரும்பு, மரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுப்பகல் வெயிலில் கிடந்த கடப்பாரையைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காம்புக்குப் பதில் இரும்புக் குழாயைக் காம்பாகப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

சுருக்கமாகச் சொன்னால்: நகரும் கைக்கு வெறுங்காம்பு, நிற்கும் கைக்குச் சுற்று.

ஊட்டியில் எழுந்த விளையாட்டு

பெரிய மேசையில் வண்ணப் பந்துகளைக் கோலால் தள்ளிக் குழியில் விழச் செய்யும் விளையாட்டைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகைக்கு ஸ்னூக்கர் என்று பெயர். அது நம் நாட்டில் பிறந்த விளையாட்டு என்பது பலருக்குத் தெரியாது!

1875-ம் ஆண்டு ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் இதை உண்டாக்கினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.) பிறகு 1882-ம் ஆண்டு வாக்கில் நம் ஊட்டியில் உள்ள கிளப்பில்தான் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. இந்த விளையாட்டோடு நெருங்கிய உறவுடையது பில்லியர்ட்ஸ். அதில் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பட்டம் வென்றார் வில்சன் ஜோன்ஸ். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

இந்த ஆட்டக்காரர்களிடமும் நம் மண்வெட்டிக் கேள்வி உண்டு. ஆச்சரியமாக இல்லையா?

ஸ்னூக்கர் கோலின் பிடி வெறும் மரம். மெல்லிய மரத்தண்டோடு கருங்காலி போன்ற கனத்த மரத்தை அடியில் சேர்த்து, மெருகேற்றி விட்டுவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பரவிய பூல் என்ற ஆட்டத்தில் கோலின் பிடியில் நூலோ, தோலோ சுற்றும் வழக்கம் வந்தது. சுற்று இல்லாத கோலும் அங்கே விற்கிறது. எது மேல் என்று ஆட்டக்காரர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள்.

வியர்க்கும் கைக்காரர் நூல் சுற்று கேட்கிறார். பிடித்த இடம் மாறாமல் இருக்க வேண்டும் என்பவர் தோல் கேட்கிறார். பிடியை அடிக்கடி முன்னும் பின்னும் மாற்றுகிறவர் வெறும் மரம் கேட்கிறார். ஏனென்றால் மரத்திலிருந்து சுற்றுக்குக் கை மாறும்போது ஒரு தடை தட்டுப்படும். அது கவனத்தைக் கலைக்கும்.

சுற்றினால் பந்து நேராக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சுற்று பந்தைத் தொடுவதே இல்லை. அது தொடுவது ஆட்டக்காரனின் கையை மட்டும்தான்.

ஒரு வேடிக்கை: அந்தக் கோலில் சுற்றும் பெயர்பெற்ற லினன் நூல் ஆளிச் செடியின் நாரிலிருந்து கிடைப்பது. வெறுங்காம்புக்குப் பூசும் சிறந்த எண்ணெயும் ஆளி விதையிலிருந்து கிடைப்பதுதான். சண்டை போடும் இரு கட்சிக்கும் தாய் ஒரே செடி!

வீரர்கள் என்ன செய்தார்கள்?

டென்னிஸில் 1938-ம் ஆண்டு ஒரு சாதனை நடந்தது. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் முதன்முதலாக வென்றார் அமெரிக்க வீரர் டொனால்ட் பட்ஜ். அவர் மட்டையின் பிடியில் தோல் சுற்று இல்லை, வெறும் மரம்!

அப்படியானால் வெறுங்காம்புக்கே வெற்றி என்று முடிவு கட்டலாமா? கூடாது. கிரிக்கெட் மட்டையைப் பாருங்கள். அதன் பிடி பிரம்பினால் ஆனது. அதற்குமேல் நூல் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அதற்கும் மேல் ரப்பர் உறை. வேகமாக வரும் பந்து மோதும் அதிர்ச்சியைக் கை தாங்க வேண்டுமே!

ஜப்பானிய வாளின் பிடி இன்னும் விசேஷம். மரப்பிடிமேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலை ஒட்டுவார்கள். அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டுவார்கள். இரத்தமும் வியர்வையும் பட்டாலும் பிடி நழுவக்கூடாது. அங்கே நழுவினால் போவது கூலி அல்ல, உயிர்.

ஆக, வல்லவர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அவரவர் வேலைக்கு ஏற்றதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

உப்புத் துணி, உப்புத்தாள் ஆகும்!

மறுபடி உப்பளத்துக்கு வருவோம். வயலில் நன்மை செய்யும் துணிச் சுற்று இங்கே எதிரியாகிவிடும். காரணம் உப்பு.

துணி உப்புநீரைக் குடிக்கிறது. வெயிலில் நீர் போய்விடுகிறது. உப்பு நூலுக்குள்ளேயே தங்கிப் பூத்துவிடுகிறது. அந்தப் பரல்கள் கண்ணாடித் தூள்போல் உள்ளங்கையில் உராயும். தச்சர்கள் மரம் தேய்க்கும் தாளுக்கு நம் ஊரில் ‘உப்புத்தாள்’ என்று பெயர். உப்பு ஏறிய துணியும் அந்த வேலையைத்தான் செய்கிறது; ஆனால் மரத்தை அல்ல, கையை!

இன்னொன்றும் உண்டு. சுத்தம் செய்யாத உப்பில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதைப் பார்க்கிறோமே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். கடற்காற்று வீசும் ஊரில், உப்பு ஊறிய துணிச் சுற்று ராத்திரி முழுவதும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். காலையில் எடுத்தால் நசநசவென்று இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும்.

சுற்றை நிறுத்த ஆணி அடித்தாலோ, கம்பி கட்டினாலோ இன்னும் மோசம். உப்பு பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த முனை கையைக் குத்தும்.

எனவே உப்பளத்தில் வெறுங்காம்பே முதல் தேர்வு. வேண்டுமானால் ரப்பர் சுற்றலாம். அது உப்புநீரைக் குடிக்காது. ஒரு குவளை நல்ல தண்ணீர் விட்டால் கழுவிப்போகும். ஆனால் கறுப்பு ரப்பர் வெயிலில் சுடும் என்பதை மறக்கக்கூடாது. ரப்பர் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சிவக்கும். அவர்களுக்கு அது ஆகாது.

நூலால் அளந்து பாருங்கள்

சுற்றுவதற்கு முன் காம்பின் பருமனைப் பார்க்க வேண்டும். பலமாகப் பிடிக்கும் கருவிகளின் காம்பு 3 முதல் 5 சென்டிமீட்டர் குறுக்களவு இருப்பது நல்லது. சுமார் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர், பலருக்குப் பொருந்தும்.

அளக்கக் கருவி தேவையில்லை. காம்பைச் சுற்றி ஒரு நூலை ஒரு தடவை சுற்றுங்கள். நூலை நீட்டி அளந்தால் 12 சென்டிமீட்டர் வர வேண்டும்.

அளவுகோல் இல்லையா? காம்பைப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் தொட்டுக்கொண்டால் சரி. விரல் நகம் உள்ளங்கையில் குத்தினால் காம்பு ஒல்லி, சுற்றிப் பருமனாக்கலாம். விரல்கள் எட்டவே இல்லையென்றால் காம்பு தடிமன். சுற்றினால் இன்னும் கெடும். இழைத்துக் குறைக்க வேண்டும்.

சைக்கிள் டியூப் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன். பாதிக்குப் பாதி மேலேற்றிச் சுற்றினால் 2 மில்லிமீட்டர். காம்பின் இரண்டு பக்கமும் சேர்த்து 4 மில்லிமீட்டர் கூடிவிடும். 38 இருந்தது 42 ஆகும். பெரிய கைக்கு இது சுகம். சின்னக் கைக்கு இது சுமை. பிடிக்க எட்டாத காம்பை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே மணிக்கட்டு வலிக்கும்.

சுற்றுவது என்று முடிவு செய்தால்...

ஆணியும் கம்பியும் வேண்டாம். பருத்தி நூல்கயிறே போதும்.

கயிற்றின் ஒரு முனையைக் காம்பின் மேல் நீளவாக்கில் மடித்து ஒரு வளையம்போல் வையுங்கள். அந்த வளையத்தின் மேலேயே கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் மறுமுனையை அந்த வளையத்துக்குள் நுழையுங்கள். இப்போது முதல் முனையைப் பிடித்து இழுத்தால் வளையம் சுற்றுக்கு உள்ளே போய்விடும். இரண்டு முனையையும் ஒட்ட நறுக்கிவிடுங்கள். முடிச்சு இல்லை, கையில் உறுத்தாது.

காம்பு முழுவதும் சுற்ற வேண்டாம். கை நிற்கும் இடத்தில் ஒரு சாண் போதும்.

விரிசல் விட்ட காம்பின்மேல் ஒருநாளும் சுற்றாதீர்கள். சுற்று விரிசலை மறைக்கும், தாங்காது. ஓங்கும்போது காம்பு முறிந்தால் தகடு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாதம் ஒருமுறை சுற்றை அவிழ்த்து உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஈரம் தங்கி மரம் இற்றிருந்தால் காம்பையே மாற்றிவிடுங்கள்.

வெறுங்காம்பு என்றால்...

வெறுங்காம்பு என்றால் கவனிக்காமல் விட்ட காம்பு என்று அர்த்தம் அல்ல.

முதலில் சிராய் இல்லாமல் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உடைந்த கண்ணாடிச் சில்லால் இழைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் சில்லுக்குத் துணி சுற்றிப் பிடிக்காவிட்டால் கையில் இரத்தம்தான். வார்னிஷ் பளபளப்பு இருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடலாம்.

பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். அது காய்ந்து இறுகி மரத்தைக் காக்கும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. பிசுபிசுத்துக் கையை வழுக்கச் செய்யும். கிரிக்கெட் மட்டைக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசுவது இதனால்தான்.

எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளலாம். விரித்துக் காயப்போட்ட பிறகே எறிய வேண்டும்.

உப்பளத்திலிருந்து வந்ததும் காம்பை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் சாய்த்து வையுங்கள். வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். கையையும் அப்படியே கழுவ வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வியாதியில் சிலருக்குக் கை கால்களில் உணர்ச்சி குறைந்துவிடும். கொப்புளம் வந்ததே தெரியாது. அவர்கள் வேலை முடிந்ததும் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். துரு ஆணியோ அழுக்குச் சிராயோ ஆழமாகக் குத்தினால் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டு வாங்குங்கள்

உப்பளத்தில் ஆண்களோடு பெண்களும் சமமாக வெயிலில் நிற்கிறார்கள். ஆனால் எல்லார் கைக்கும் ஒரே பருமனில் காம்பு கொடுத்தால் என்ன ஆகும்? பெரிய கைக்குச் செய்த காம்பைச் சின்னக் கை நாள் முழுவதும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதே கை மாவு பிசைய வேண்டும். துணி துவைக்க வேண்டும். பிள்ளையைத் தூக்க வேண்டும்.

கருவி கொடுப்பவர்கள் இரண்டு பருமனில் காம்பு வாங்கிப் போட்டால் பெரிய செலவு ஆகிவிடாது. தொழிலாளர்களும் கூச்சப்படாமல் கேட்கலாம். “இந்தக் காம்பு எனக்குத் தடிமனாக இருக்கிறது, ஒல்லியானது கொடுங்கள்” என்பது சோம்பேறித்தனம் அல்ல, வேலை நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறை.

வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே மண்வெட்டிக்குச் சண்டை போட வேண்டியதில்லை. அரை நாள் வெறுங்காம்பு. அரை நாள் சுற்றிய காம்பு. மாலையில் இரண்டு உள்ளங்கையையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் போதும். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே எரிகிறது என்று கையே சொல்லிவிடும்.

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பெரியவர்கள் சொல்வதையும் கேளுங்கள். கடைசியில் உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள். காம்பு பழுதானால் புதுக்காம்பு போடலாம். கைக்கு மாற்றுக் கை கிடையாது!